மனசுக்கு ஒரு டிபார்ட்மெண்ட், உடம்புக்கு ஒரு டிபார்ட்மெண்ட்

இரண்டு படிப்பை ஒரே சமயத்தில் படிக்கிறவர்களுக்கு இரண்டு இடத்திலும் திட்டு கிடைக்கும். பாராட்டு கேட்டால் மட்டும் இன்னொரு இடத்தில் போய் வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். உங்களில் யாராவது பி.ஏ. படித்துக்கொண்டே டைப்ரைட்டிங் ஹையருக்கும் போயிருந்தால் இந்த வலி கொஞ்சம் புரியும். என் கதை அதைவிட மோசம். மனோதத்துவத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு, மனநோயாளிகளைப் பற்றிய ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தேன். அதே கையோடு பொதுச் சுகாதார டிப்ளமாவுக்கும் பெயர் கொடுத்தேன். முதல் படிப்பு ஒரு மனுஷியின் மனசுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பது. இன்னொன்று ஊருக்குள் பேதி எந்த வழியாக வருகிறது என்று பார்ப்பது. இரண்டுமே ஒரே ஆட்களைப் பற்றியதுதான் என்பது என் கட்சி. அந்தக் கட்சியில் அப்போது நான் ஒருத்திதான் மெம்பர்.

நயா பைசா வந்த பிறகும் ஜனங்கள் அணாவில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. நான் புதுக்கோட்டைப் பெண். சமஸ்தானம் போய்த் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து வெகுநாள் ஆகியும், 'திருச்சி ஜில்லா' என்று சொல்லும்போது எங்கள் ஊர்க்காரர்கள் வாயில் கல் கடிபட்டதுபோல் சொல்வார்கள். நானும்தான். என்னை வேலை பழகப் போட்ட இடம் திருவரங்குளம் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே பட்டது, கேட்டது சிலவற்றை இங்கே சொல்கிறேன். இரண்டு பக்கமும் அடிவாங்கிய அனுபவம் உள்ளவர்கள் கூடவே தலையாட்டிக்கொள்ளலாம்.

இரண்டு மாமியார்

என் பேராசிரியர் சென்னையில் இருந்தார். மனோதத்துவம் என்று ஒரு சாஸ்திரம் உண்டு என்பதை மற்ற பேராசிரியர்களிடம் நிரூபிப்பதிலேயே பாதி ஆயுளைச் செலவழித்தவர். அதில் நான் பேதியையும் ஊரணியையும் கொண்டுவந்து கலப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. "மனசைப் படிக்க வந்தவ கக்கூஸ் கட்டப் போறேங்கறியே" என்று வருத்தப்பட்டார். சுகாதாரப் படிப்புக்கு எனக்கு மேலே இருந்தவர் திருச்சியில் ஹெல்த் ஆபீசர். ஊசி, பொடி, புள்ளிவிவரம் இந்த மூன்றும் அவருக்குப் போதும். "ஜனங்க மனசுல என்ன இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருந்தா எப்பம்மா ஊசி போடறது?" என்பார்.

இருவரும் என்னைத் திருச்சிக்கு வரவழைத்து ஒரு கெடு வைத்தார்கள். அடுத்த சித்திரைக்குள், இரண்டையும் சேர்த்துப் படிப்பதால் ஒரு பிரயோஜனமாவது உண்டு என்று நான் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றை விட்டுவிட வேண்டும். எதை விடுவது என்பதைக்கூட அவர்களே முடிவு செய்வார்கள். பெண்பிள்ளை ஏதோ ஆசைப்படுகிறாள், வெயிலில் நாலு மாதம் அலைந்தால் தானே சோர்ந்துபோவாள் என்பது அவர்கள் நினைப்பு. எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. எதையும் விடுவதாக இல்லை என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன். ஹெல்த் ஆபீசரின் தலைமை குமாஸ்தா வாசல்வரை கூடவே வந்து, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு மாமியா வீட்டுக்கு ஒரே மருமகளாப் போறீங்க, பாத்துப் பொழச்சுக்கங்க."

காணாமல் போன கிடா

பேராசிரியர் என்னிடம் ஒரு கட்டுப் படம் கொடுத்தனுப்பியிருந்தார். காகிதத்தில் மையைக் கொட்டி, நடுவே மடித்துப் பிரித்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கறை விழுமே, அந்த மாதிரிப் படங்கள். அதைக் காட்டி "இது உங்களுக்கு என்னவாத் தெரியுது?" என்று கேட்க வேண்டும். சொல்கிற பதிலை வைத்துச் சொல்பவரின் மனசைக் கணிக்கலாம். சீமையில் எல்லாம் நன்றாக நடந்த பரீட்சை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஆடு மாடு களவு போனால், வெற்றிலையில் மை தடவிப் பார்த்துக் களவாணியைச் சொல்கிறவர்கள் உண்டு என்பது சீமையில் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும், தெரிந்தும் அன்றைக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து நாலு பேரிடம் படத்தைக் காட்டினேன். மறுநாள் காலையில் ஒரு சம்சாரி வெற்றிலை, கொட்டைப்பாக்கு, தேங்காயோடு வந்து என் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஆராய்ச்சிக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் பூரித்துப்போனேன். படத்தை வாங்கினார், திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொம்பு தெரிகிறது என்றார், தாடி தெரிகிறது என்றார். நான் பரபரவென்று எழுதிக்கொண்டே போனேன். கடைசியில் அவருக்குப் பொறுமை போய்விட்டது. "இதுல ரெண்டு கிடா தெரியுதுங்க, இங்கிட்டு ஒண்ணு அங்கிட்டு ஒண்ணு. எங்க கிடா எதுன்னு சொல்லிருங்க, நான் பொழுதோட ஊர் போயிச் சேரணும்."

தலைகீழாக

அன்று முதல் என் பெயர் மைக்காரம்மா. பேராசிரியருக்குத் தெரிந்ததும் படங்களை உடனே நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. நான் நிறுத்தவில்லை. எதையாவது பறிகொடுத்தவர்கள்தான் மைக்காரம்மாவைத் தேடி வருவார்கள். பறிகொடுத்தவர்கள் மனசைப் பார்ப்பதற்குத்தானே நான் படித்துக்கொண்டிருந்தேன்?

படங்களுக்குப் பதிலாகப் பேராசிரியர் சொன்னது ஞாபக சக்திப் பரீட்சை. நான் வரிசையாகச் சில எண்களைச் சொல்ல வேண்டும், எதிரே இருப்பவர் அதைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். நடவு முடிந்து, முழங்கால் சேற்றைக் கழுவிவிட்டு வந்திருந்த பொன்னம்மா என்பவளிடம் ஆரம்பித்தேன். நேராகச் சொல்லச் சொன்னபோது கணீரென்று சொன்னாள். தலைகீழாகச் சொல்லச் சொன்னதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நேராச் சொன்னதையே எங்க வீட்டுல எவனும் காதுல வாங்க மாட்டேங்கிறான், தலகீழாச் சொன்னா யாருங்க கேப்பா?"

ஊரணியில் பூட்ஸ்

இலுப்பூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பேதி பரவியது. அங்கே குடிதண்ணீருக்கு ஊரணிதான். எங்கள் சீமையில் குடிநீர் ஊரணி என்றால் அதற்கென்று ஒரு மரியாதை உண்டு. அதில் குளிக்கக் கூடாது, துணி அலசக் கூடாது, செருப்புக் காலோடு படி இறங்கவே கூடாது. எங்கள் சானிடரி இன்ஸ்பெக்டர் ப்ளீச்சிங் பவுடர் வாளியோடு போனார், பூட்ஸ் காலோடு கடைசிப் படிவரை இறங்கினார், பொடியை வீசினார், கையைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டார். அன்று மாலையிலிருந்து ஊரே ஊரணியை விட்டுவிட்டு மாடு குளிப்பாட்டுகிற குளத்தில் தண்ணீர் எடுக்க ஆரம்பித்தது. பேதி இன்னும் கூடியது. பொடி வாடை பிடிக்காத பட்டிக்காட்டு அறியாமை என்று இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட் எழுதினார்.

நான் போய்க் குளத்தங்கரையில் குடங்களோடு நின்ற பெண்களிடம் பேச்சுக் கொடுத்தேன். ஒருத்திகூட வாடையைப் பற்றிப் பேசவில்லை. எல்லாரும் பேசியது பூட்ஸைப் பற்றித்தான். திரும்பி வந்து இன்ஸ்பெக்டரிடம், "நாளைக்குப் பூட்ஸைக் கழட்டி வெச்சிட்டு வாங்க. பொடியை அந்தப் பொம்பளைங்க கையிலயே குடுங்க. அவங்களே போடட்டும்" என்றேன். மனிதர் முறைத்தார். ஆனால் பேதி அவருக்கு வேறு வழியில்லாமல் செய்திருந்தது. வெறுங்காலோடு கரையில் நின்று வாளியை நீட்டினார். பெண்கள் இறங்கிப் போய்ப் பொடியைத் தூவினார்கள். ஓரிரு நாளில் குடங்கள் ஊரணிக்குத் திரும்பிவிட்டன. பேதியும் அடங்கியது.

இதை எழுதி இரண்டு மேலிடத்துக்கும் அனுப்பினேன். ஹெல்த் ஆபீசர் பூட்ஸ் விஷயத்தை மட்டும் சிவப்பு மையால் அடித்துவிட்டார். ஊரணிக்கு மனசு கிடையாது, ஆகவே இது மனோதத்துவம் ஆகாது என்று பேராசிரியர் எழுதினார். ஆக, பேதி எப்படி நின்றது என்பது இரண்டு டிபார்ட்மெண்டுக்கும் தெரியாமலேயே போயிற்று. இன்ஸ்பெக்டருக்கு மட்டும் ஆறவில்லை. பார்க்கிற இடத்தில் எல்லாம் என்னிடம் கேட்பார்: "பூட்ஸைக் கழட்டச் சொல்றதுக்கு ஒரு எம்.ஏ.வா?"

ஆம், இல்லை

அறந்தாங்கியில் மரியம்பீவி என்று ஒரு அம்மாள். வீட்டுக்காரர் பினாங்கில் கடை வைத்திருந்தார். கொழுந்தனார் குடும்பங்களோடு பெரிய வீட்டில் ஒன்றாக இருந்தாள். பேராசிரியர் தயாரித்த கேள்விகளை எடுத்துக்கொண்டு போனேன். 'உமக்கு மனக்கிலேசம் உண்டாவது உண்டா?' என்கிற தினுசில் இருக்கும். ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் வாங்க வேண்டும், அதற்குமேல் பேச்சு வளர்க்கக் கூடாது என்பது விதி. தூக்கம் உண்டா என்ற கேள்விக்கு அவள் இல்லை என்றாள். கணவன் அக்கரையில், மனைவிக்குத் தூக்கமில்லை. பேராசிரியராக இருந்தால் அதோடு பேனாவை மூடியிருப்பார்.

எனக்கு இன்னொரு படிப்பும் இருந்ததே. அவள் பேசுகிறபோது முந்தானையை வாயில் வைத்து வைத்து எடுப்பதைப் பார்த்தேன். கழுத்து எலும்பைப் பார்த்தேன். விதியை ஓரமாக வைத்துவிட்டு, ஏன் தூக்கம் வருவதில்லை என்று கேட்டேன். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். "தூக்கமெல்லாம் வருதும்மா. தூங்குனா இருமிருவேன், இருமுனா வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சுரும், தெரிஞ்சா புள்ளைகளை எங்கிட்ட அண்ட விடமாட்டாக. அதான் முழிச்சே கெடக்கேன்."

அரிவாளும் துடைப்பமும்

மரியம்பீவியைக் காசநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அவள் குணமாகி வந்தது பிறகு நடந்தது. நான் சொல்ல வந்தது அஞ்சலையைப் பற்றி. கெடு நெருங்கிக்கொண்டிருந்த பங்குனியில், முத்தாயி என்கிற அம்மாள் வெற்றிலை பாக்கோடு மைக்காரம்மாவைத் தேடி வந்தாள். "மருமவளப் புடிச்சிருக்கது யாருன்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள். சொல்ல முடியாது, வேண்டுமானால் நேரில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, எங்கள் நர்ஸ் ஆரோக்கியத்தையும் கூட்டிக்கொண்டு நடந்தேன். சுகாதார நிலையத்தில் எனக்கு இருந்த ஒரே துணை ஆரோக்கியம்தான்.

ஜன்னலில் கந்தல் துணியை அடைத்து இருட்டாக்கிய அறை. பேய் அண்டாமல் இருக்கக் கட்டிலுக்கடியில் அரிவாள், துடைப்பம், பிய்ந்த செருப்பு. அந்த மருமகள்தான் அஞ்சலை, பிள்ளை பெற்றுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தாய் இல்லாத பெண் என்பதால் மாமியார் வீட்டிலேயே பிரசவம். உடம்பு அனலாகக் கொதித்தது. பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது என்று கொடுக்காமல் வைத்திருந்ததால் உதடெல்லாம் வெடித்திருந்தது. "இது எம்புள்ள இல்ல, மாத்திட்டாக" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். வருகிற வெள்ளிக்கிழமை பிள்ளையை இலுப்பூரில் இருக்கும் நாத்தனாருக்குக் கொடுத்துவிடுவது, அஞ்சலையைத் தூரத்தில் ஒரு கோயிலில் கொண்டுபோய்க் கட்டிப்போடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. பிரசவப் புண் சீழ் வைத்து வந்த காய்ச்சல் என்றாள் ஆரோக்கியம். காய்ச்சலோடு சேர்ந்து மனசும் நிலை தடுமாறியிருக்கிறது என்றேன் நான்.

புதுக்கோட்டைக்கு ஓடி, தபாலாபீசிலிருந்து பேராசிரியருக்கு டிரங்கால் போட்டேன். காய்ச்சல் இருக்கிறவரை அது மனோதத்துவக் கேஸே இல்லை, டாக்டரிடம் போ என்றார். திரும்ப வந்து எங்கள் சுகாதார நிலையத்து டாக்டரிடம் போனேன். பெனிசிலின் எழுதிக்கொடுத்தார். அவளை இங்கேயே கொண்டுவந்து படுக்க வைக்கலாமா என்று கேட்டேன். அவர் பேனாவை மூடிக்கொண்டே சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது: "காய்ச்சலை அனுப்புங்க, பாக்கறேன். பைத்தியத்தை வீட்டுலயே விட்டுட்டு வாங்க."

வெள்ளிக்கிழமை வண்டி

எதையும் விடாமல் அந்த வீட்டிலேயே பார்ப்பது என்று ஆரோக்கியமும் நானும் தீர்மானித்தோம். அவள் வந்து வந்து ஊசி போட்டாள். நான் அரிவாளையும் துடைப்பத்தையும் தொடவில்லை. ஜன்னல் துணியை மட்டும் எடுத்தேன். தண்ணீர் என்றால் முத்தாயி விடமாட்டாள். சீரகம் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தால் அது மருந்து. சொம்பு சொம்பாகக் கொடுத்தேன், முத்தாயியே ஆற்றிக் கொடுத்தாள். வியாழக்கிழமை காய்ச்சல் இறங்க ஆரம்பித்தது. ஆனால் அஞ்சலையின் பேச்சு மாறவில்லை. பிள்ளையைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் வண்டி பூட்டி நின்றது. நாத்தனார் புதுத் துணியோடு வந்திருந்தாள். குழந்தை இல்லாதவள், அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு முத்தாயி வாசலுக்கு வந்தபோது நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். ஊரே கூடிவிட்டது. எங்கிருந்தோ வந்த பொம்பளை நம் வீட்டுச் சமாச்சாரத்தில் தலையிடுவதா என்று நாலைந்து பேர் சத்தம் போட்டார்கள். "எத்தனை சத்தம் போட்டாலும் நகர மாட்டேன்" என்றேன். நகரவும் இல்லை.

முத்தாயியிடம் மட்டும் பேசினேன். "அந்தப் பொண்ணு 'எம்புள்ள இல்ல'ன்னு சொல்லுது. நீங்க அது பொய்யின்னு சொல்றீங்க. புள்ளையை இந்த வண்டியில ஏத்திட்டீங்கன்னா அது சொன்னதை நீங்களே மெய்யாக்கிருவீங்க." அதுவரை கூட்டத்தோடு நின்றிருந்த அஞ்சலையின் புருஷன் கருப்பையா, வந்து நுகத்தடியிலிருந்து மாடுகளை அவிழ்க்க ஆரம்பித்தான். முத்தாயி அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "சரி, இன்னொரு வெள்ளி வரைக்கும் பாக்குறேன். அதுவரைக்கும் நீங்களும் இங்கனயே கெடங்க."

யார் பிள்ளை

கிடந்தேன். ஹெல்த் ஆபீசருக்கு நான் டியூட்டியில் இல்லை, பேராசிரியருக்கு நான் ஆராய்ச்சியில் இல்லை. இரண்டு இடத்திலும் ஆப்சென்ட். அஞ்சலையைத் தனியாக விடாமல் யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்தோம். அவள் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசக் கூடாது என்று வீட்டாரிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி வைத்தேன். ஆரோக்கியம் கொடுத்த மருந்தில் தூக்கம் வந்தது. தூங்கி எழுந்தால் முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும். பிள்ளையைப் பக்கத்தில் தூளி கட்டிப் போட்டிருந்தோம். பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்க்கிறவள் மாதிரி பார்ப்பாள், பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். மறு வெள்ளிக்கு ஒரு நாள்தான் பாக்கி. இவள் திரும்பாவிட்டால் என் படிப்பு போவது இருக்கட்டும், அந்தக் குழந்தையை நான் எந்த வாயால் இங்கே நிறுத்தி வைப்பேன்?

அன்று நடுப்பகலில் பிள்ளை வீறிட்டு அழுதது. பால் காய்ச்ச அடுப்படிக்குப் போயிருந்த முத்தாயி வருவதற்குத் தாமதமாயிற்று. நான் தூக்கி வைத்துக்கொண்டு ஆட்டுகிறேன், பாடுகிறேன், ஒன்றும் நடக்கவில்லை. எம்.ஏ.யில் இதற்குப் பாடம் இல்லை, டிப்ளமாவிலும் இல்லை. அஞ்சலை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எரிச்சலோடு எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். "யாரு புள்ளையா இருந்தா என்ன, பசிக்குத்தான அழுகுது. இங்கிட்டுக் குடுங்க."

கெடு

சித்திரையில் பேராசிரியரும் ஹெல்த் ஆபீசரும் ஒரே ஜீப்பில் திருவரங்குளம் வந்து இறங்கினார்கள். நான் எழுதியதை இருவரும் படித்திருந்தார்கள். அதில் அஞ்சலையைப் பற்றிய அத்தியாயம்தான் நடுநாயகம். அந்த ஒன்றுதான் இருவருக்கும் இடித்தது. ஆரம்பத்தில் காய்ச்சல் இருந்ததால் அது சுகாதாரத்தில் சேர வேண்டியது என்றார் பேராசிரியர். புத்தி பேதலித்தவளைத் தம்முடைய கணக்கில் எந்தப் பத்தியிலும் சேர்க்க முடியாது என்றார் ஹெல்த் ஆபீசர். கொஞ்ச நேரம் ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு பேராசிரியர் கனிவாகவே சொன்னார்: "அந்த அத்தியாயத்தை எடுத்துடு. டிப்ளமாவையும் விட்டுடு. பட்டத்துக்கு நான் பொறுப்பு."

பட்டம் வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு நான் துறவி இல்லை. என் அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். எனக்கும் அந்தக் கறுப்பு அங்கியைப் போட்டுக்கொள்ள ஆசை இருந்தது. ஆனால் அந்த அறையும், அந்த வெடித்த உதடும், "பைத்தியத்தை வீட்டுலயே விட்டுட்டு வாங்க" என்ற பேச்சும் கண் முன்னால் வந்தன. "எடுக்க மாட்டேன் சார். ஒண்ணையும் விட மாட்டேன். இதை எடுத்துட்டா நான் ஒண்ணுமே படிக்கலைன்னு அர்த்தம்" என்றேன். ஹெல்த் ஆபீசர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அன்று அம்மை குத்துகிற நாள். தாழ்வாரத்தில் வரிசையில் பிள்ளையோடு அஞ்சலை நின்றுகொண்டிருந்தாள், கூடவே முத்தாயி. பேராசிரியருக்கு அவளை யாரென்று காட்டினேன். மனிதருக்குக் கடைசியாக என்னை மடக்கிப் பார்க்கத் தோன்றியிருக்க வேண்டும். "ஏம்மா, உனக்கு முதல்ல வந்தது காய்ச்சலா, இல்லை பிள்ளையை மாத்திட்டாங்கங்கற பயமா?" என்று கேட்டார். எதைச் சொன்னாலும் என் இரண்டு படிப்பில் ஒன்று காலி. அஞ்சலை பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "ரெண்டும் ஒண்ணாத்தாங்க வந்துச்சு. தனித்தனியா வந்திருந்தா நானே ஆளுக்கொண்ணா ஒங்க ரெண்டு பேருகிட்டயும் அனுப்பி வெச்சிருக்க மாட்டனா?"

பட்டமும் வரவில்லை, டிப்ளமாவும் வரவில்லை, நான் அதே சுகாதார நிலையத்தில் கீழ்ப்பதவி ஒன்றில் அதே இரண்டு வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். 'இவள் எங்கள் ஆள் இல்லை' என்று எழுதிக்கொடுப்பதற்காகவாவது அந்த இரண்டு டிபார்ட்மெண்டும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டதை என் ஆராய்ச்சியின் முதல் வெற்றியாகத்தான் நான் இன்றுவரை எடுத்துக்கொள்கிறேன்.